போராட்டப் பந்தலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

வடலி:
காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் நிற்கிற இடமெல்லாம், படத்தைத் தூக்கிக்கொண்டு சின்னப் பிள்ளைகளும் வெயிலில் நிற்கிறார்கள். 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கியபோது மடியில் இருந்த பிள்ளை, பதில் வராததைப் பார்த்தே வளர்ந்திருக்கிறது. பெரியவர்களின் துக்கத்தை ஏன் அதன் தலையில் ஏற்றுகிறோம்?

கச்சேரியடியான்:
வீட்டில் விட்டுப் போனால் துக்கம் தெரியாமல் போய்விடுமா, தங்கச்சி? தாய் தனியே அழுவதைப் பார்ப்பதைவிட, பல தாய்மார் சேர்ந்து நின்று கேட்பதைப் பார்ப்பது பிள்ளைக்குப் பலம். தமிழ் மொழி உரிமை கேட்டு நடந்த 1961 சத்தியாக்கிரகத்தை யாழ்ப்பாணக் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலக வாசலில் அப்பாவின் தோளில் இருந்து பார்த்தவன் நான். பொலிஸ் அடித்தும் சனம் திருப்பி அடிக்கவில்லை. உரிமையைக் கேட்கிற துணிவு எனக்கு அங்கேதான் வந்தது. அமெரிக்காவில் 1964இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மிசிசிப்பி போன மாணவர்களை, டக் மக்காடம் என்ற சமூகவியலாளர் இருபது வருடம் கழித்து ஆராய்ந்தார். விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் நின்றவர்களைவிட, போனவர்கள்தான் பிறகும் பொது விடயங்களில் இறங்கி நின்றார்கள்.

வடலி:
ஐயா, அவர்கள் தாங்களாக விண்ணப்பித்த பல்கலைக்கழகப் பெடியள். ஏழு வயதுப் பிள்ளை விண்ணப்பம் போடவில்லை. போனவர்களின் வருமானம் பிற்காலத்தில் குறைவாக இருந்ததையும் அதே ஆய்வு சொல்கிறது. 1974 ஜனவரி 10 யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தடியில் கூடியது போராட்டம்கூட இல்லை, தமிழாராய்ச்சி மாநாட்டு நிகழ்ச்சி. பொலிஸ் புகுந்ததில் ஒன்பது உயிர் போனது. கூட்டத்துக்குள் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

பனங்கூடல் ரீச்சர்:
நான் வகுப்பில் காண்பதைச் சொல்கிறேன். எதற்காகப் போகிறோம் என்று வீட்டில் விளங்கப்படுத்தின பிள்ளை திரும்பி வந்து கேள்வி கேட்கும். கமராவுக்கு முன்னால் அழச் சொல்லி நிறுத்தப்பட்ட பிள்ளை பிறகு வாயே திறக்காது. இன்னொன்று, பந்தலின் சத்தம் அன்றோடு ஓய்ந்துவிடும். ஆனால் வீடு தேடி விசாரிக்க வருகிறவர்கள் பற்றிய பயம் போகாது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே யன்னலைப் பார்க்கிற பிள்ளைகள் என்னிடம் படிக்கிறார்கள். 1991இல் இலங்கை ஏற்ற ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 15ஆம் உறுப்புரை பிள்ளைக்கும் கூடும் உரிமை கொடுக்கிறது, சரி. 12ஆவது, பிள்ளையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. வர விருப்பமா என்று எத்தனை வீட்டில் கேட்கிறார்கள்?

கச்சேரியடியான்:
கேட்டாலும் வருகிறேன் என்றுதான் சொல்லும். தாயைத் தனியே விடாது.

வடலி:
அதை எப்படி ஐயா சம்மதம் என்று எடுப்பது? தாய்க்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் போய் நிற்போம். நான் வருகிறேன், நீங்களும் வாருங்கள்.