பீன்ஸ் விதையில் ஐஏஏ: முற்றும்போது குறைகிறது, ஊறவைத்தால் ஏறுகிறது. எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி (வித்திலை):
பூ மலர்ந்த நாளைக் குறித்து வைத்து, வளரும் பீன்ஸ் விதைகளில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனை, அதாவது ஐஏஏவை (இண்டோல் அசிட்டிக் அமிலம்), அளக்கிறேன். கட்டற்ற ஐஏஏ, அதாவது எதோடும் பிணையாதது, விதை முற்ற முற்றக் குறைகிறது. ஆனால் முற்றிய விதையை ஊறவைத்தால் மறுபடி ஏறுகிறது. வேறு மூலக்கூறோடு பிணைந்த சேமிப்பு வடிவமாக இருக்கும், காரம் அதைப் பிரித்துவிடும் என்று சாற்றை 1 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடில் அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம் வைத்தேன். அளவு ஏறவே இல்லை. புதிதாகத்தான் உருவாகிறதா?

பதில் (வேர்நுனி):
அந்த முடிவுக்கு அவசரப்படாதீர்கள். 1 நார்மல் காரம் எஸ்டர் பிணைப்பை மட்டுமே உடைக்கும். மக்காச்சோளமாக இருந்தால் அதிலேயே தெரிந்திருக்கும். அதன் கருவூணில் (விதையின் உணவுச் சேமிப்புத் திசு) ஐஏஏ பெரும்பாலும் இனோசிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலோடும் குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியோடும் எஸ்டராகத்தான் இருக்கிறது. பயறு வகைகளில் அமினோ அமிலங்களோடு சேரும், உடைக்கக் கடினமான அமைடு பிணைப்பே அதிகம். அதற்கு 7 நார்மல், 100 டிகிரி, 3 மணி நேரம் வேண்டும். குழாயில் நைட்ரஜன் நிரப்பி டெஃப்லான் மூடி போடுங்கள். ஆக்சிஜன் இருந்தால் இண்டோல் வளையம் சிதைந்துவிடும். வழியில் ஏற்படும் இழப்பைக் கணக்கிட, கார்பன்-13 குறியிட்ட ஐஏஏவைக் காரம் ஊற்றும் முன்பே சேர்க்க வேண்டும். 7 நார்மல் அளவிலிருந்து 1 நார்மல் அளவைக் கழித்தால் அமைடு பங்கு கிடைக்கும்.

பிறகு பனிக்கட்டியில் வைத்து அமிலம் விட்டு, பிஎச் 2.5க்குக் கொண்டுவாருங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். பிஎச் 5லேயே நிறுத்தினால் ஐஏஏவில் பாதிக்கு மேல் அயனியாகவே இருக்கும். ஐஏஏவைப் பிடித்துச் சுத்திகரிக்கும் சி18 பத்தியில் ஒட்டாமல் கழுவிப் போய்விடும்.

பதில் (தோல் உரி):
சாற்றை மட்டும் எடுத்தால் போதாது. பீன்ஸில் ஐஏஏ புரதத்தோடும் ஒட்டியிருக்கிறது: 3.6 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) பெப்டைடு ஒன்று, 35 கிலோடால்டன் புரதம் ஒன்று. சாறு எடுக்கும் ஐசோபுரோப்பனாலில் புரதம் படிந்து வண்டலோடு போகலாம். வண்டலையும் தனியாகக் காரத்தில் வேகவையுங்கள்.

கூடவே, இண்டோல் வளையமுள்ள அமினோ அமிலமான டிரிப்டோஃபானை மட்டும் போட்ட குழாய் ஒன்றையும் அதே சூட்டில் வையுங்கள். அதில் ஐஏஏ தென்பட்டால் உங்கள் எண்ணிலும் பொய் கலந்திருக்கிறது. கடுகுக் குடும்பத்தில் குளுக்கோபிராசிசின் என்ற இண்டோல் சேர்மமும் இதே வேலையைச் செய்யும். நல்லவேளை, பீன்ஸில் அந்தத் தலைவலி இல்லை.

வித்திலை:
அமைடு கிடைத்தால், அத்தனையும் சேமிப்பு என்று எழுதலாமா?

வேர்நுனி:
கூடாது. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் அலனின், லியூசின் என்ற அமினோ அமிலங்களோடு சேர்ந்த ஐஏஏவை நீராற்பகுப்பு நொதிகள் திரும்ப விடுவிக்கின்றன. அஸ்பார்டேட்டோடு சேர்ந்ததில் பெரும்பங்கு ஆக்சிஜனேற்றம் அடைந்து ஒழிகிறது. பீன்ஸிலும் எது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, குறியிட்ட ஐஏஏ-அஸ்பார்டேட்டை ஊறிய விதைக்குக் கொடுத்து, கட்டற்ற ஐஏஏவில் குறி வருகிறதா என்று பாருங்கள். புதிய ஆக்கத்தையும் அப்போதுதான் பிரித்துப் பேச முடியும்.

பதில் (காம்பு):
இதே கணக்கை ஜிப்ரெல்லின் (ஜிஏ) என்ற இன்னொரு வளர்ச்சி ஹார்மோனுக்குப் போட்டுவிடாதீர்கள். பட்டாணி விதை முற்றும்போது ஜிஏ20 என்ற வடிவத்தைச் செயலற்ற ஜிஏ29 ஆக்குகிறது. அது திரும்பி வராத பாதை. அந்தப் படி பழுதான 'ஸ்லெண்டர்' திரிபில் ஜிஏ20 விதையிலேயே தேங்கிவிடும். முளைத்ததும் அது செயல்படும் வடிவமான ஜிஏ1 ஆக மாற, நாற்றின் முதல் கணுவிடைகள் குச்சிபோல நீளும். அங்கே சேமிப்பே கோளாறுதான்.