பர்னரை எண்ணாதீர்கள், கல்லைப் பாருங்கள்: ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாகப் போன நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். மெல்பர்னில் எனக்குப் பதின்மூன்று வருடம் ஆகிறது. இந்த லீவில் வந்து இறங்கியதிலிருந்து மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து போன மாதம் அங்கே போய்ச் சேர்ந்த தம்பி, ஜீலாங்கில் குடித்தனம் வைத்திருக்கும் நெல்லிக்குப்பத்துத் தங்கச்சி, அப்புறம் என் சித்தி மகன். "அக்கா, வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கு. கேஸ் பார்பெக்யூ வாங்கணும், எது வாங்கலாம்?" தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பார்பெக்யூ என்பது வீட்டுக்கு வெளியே வைத்துச் சமைக்கிற, மூடி போட்ட அடுப்புப் பெட்டி. நம் கடற்கரைக்காரர்களுக்கு அது மீன் வறுக்கிற இடம். அங்கே வாடகை வீடுகளில் அடுப்படியும் கூடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், தரையில் கார்ப்பெட். உள்ளே ஒரு தடவை மீன் வறுத்தால் புகை அலாரம் கத்தும், திரைச்சீலையில் வாடை ஒரு வாரம் நிற்கும், அந்த வாரம் பார்த்து வாடகை ஏஜென்ட் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்து நிற்பார். நான் போன புதிதில் இதற்குப் பயந்தே மூன்று மாதம் மீன் வாங்காமல் இருந்தேன். முதுநகர் துறைமுகத்தில் படகு வந்ததும் மீன் வாங்கிப் பழகிய வீட்டுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே கடையில் போய் நிற்கும்போது ஸ்டேக், சாசேஜ் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்கள், எத்தனை பேருக்குச் சமைப்பீர்கள் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

போன உடனே வாங்கவும் வேண்டாம். பூங்காக்களில் பொது பார்பெக்யூ வைத்திருக்கிறார்கள். மெல்பர்னில் பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுவது, காசு கிடையாது. பொத்தானை அழுத்தினால் தட்டு சூடாகும். சமைத்து முடித்ததும் துடைத்து வைத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். ஆறு மாதம் அதில் சமைத்துப் பாருங்கள். மாதத்துக்கு எத்தனை தடவை வெளியே சமைக்கிறீர்கள், எத்தனை பேர் கூடுகிறீர்கள் என்று அதற்குள் தெரிந்துவிடும். வாடகை வீடு மாறினால் சுமந்துகொண்டு அலைய வேண்டிய பாரமும் இல்லை.

சரி, வாங்குகிற நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடையில் வரிசையாக நிற்கும்: இரண்டு பர்னர், நான்கு பர்னர், ஆறு பர்னர். பர்னர் கூடக்கூட நல்லது என்று நானும் நினைத்தேன். முதன்முதலில் வாங்கியது ஆறு பர்னர் பெட்டி, தள்ளுபடியில் கிடைத்தது. மூடி தகரம் மாதிரி மெல்லியது. சூடு நிற்கவே இல்லை. இரண்டு குளிர்காலம் தாண்டியதும் அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. அன்றிலிருந்து பர்னரை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பார்க்க வேண்டியது கல். பெரும்பாலான பெட்டிகளில் பாதி கம்பி கிரில், பாதி ஹாட்பிளேட் என்கிற தட்டைக் கல் இருக்கும். நம் சமையலுக்குத் தட்டைக் கல்தான் உயிர். மசாலா தடவிய மீனைக் கம்பியில் போட்டால் மசாலா ஒரு பக்கம் ஒட்டும், தோல் ஒரு பக்கம் கிழியும், மிச்சம் தீயில் விழும். முதல் தடவை சங்கரா போட்டுப் பார்த்து எனக்கு முள்தான் மிஞ்சியது. தட்டைக் கல்லில் மீன் மட்டுமா, தோசை, பரோட்டா, முட்டை, பனீர் எல்லாம் வரும். பத்துப் பேர் வந்திருந்தால் ஒரே நேரத்தில் நான்கு தோசை ஊற்றலாம், வீட்டுத் தோசைக்கல்லில் அது நடக்காது. கல் வார்ப்பிரும்பாக, கனமாக இருக்க வேண்டும். கடையிலேயே தூக்கிப் பாருங்கள், கை கனத்தை உணர வேண்டும். முழுக்கக் கம்பி மட்டும் உள்ள பெட்டி என்றால், அதற்குப் பொருந்துகிற தட்டைக் கல் தனியாக விற்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

புதுக் கல்லை எப்படிப் பழக்குவது என்று உங்களுக்குத் தெரியும், அம்மா தோசைக்கல்லுக்குச் செய்ததுதான். சோப்புத் தண்ணீரில் ஒரு முறை கழுவித் துடைத்து, நல்லெண்ணெய் இல்லாமல் வேறு ஏதாவது சமையல் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, புகை வரும்வரை காயவிட்டு ஆற வைக்கணும். இப்படி மூன்று நான்கு தடவை. அப்புறம் சமைக்கும்போது பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல் முழுக்கத் தேய்த்துவிடுங்கள். வெங்காயம் சீறி, ஓரம் பழுப்பாகி, அந்த மணம் எழும்பும் பாருங்கள், அப்போது வஞ்சிரத் துண்டைப் போடணும். போட்டதும் தொடக் கூடாது. ஓரத்தில் மசாலா இறுகி நிறம் மாறியதும் கரண்டியை அடியில் விட்டால் தானாகக் கழன்று வரும். வரவில்லை என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது சூடு. ஒவ்வொரு பெட்டியிலும் மணிக்கு இத்தனை மெகாஜூல் என்று ஒட்டியிருப்பார்கள். அது கேஸ் எவ்வளவு குடிக்கும் என்பதன் கணக்கு. எண் பெரிதாக இருந்தால் கல் சூடேறும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. சிலிண்டரில் இருக்கும் கேஸ் புரொப்பேன், அதில் ஒரு கிலோவுக்குச் சுமார் 50 மெகாஜூல் சூடு உண்டு. அங்கே வழக்கமான 9 கிலோ சிலிண்டரில் 450. பெட்டியில் 48 என்று போட்டிருந்தால் எல்லாப் பர்னரையும் முழுசாகத் திறந்து வைத்தால் ஒன்பது மணி நேரம் கிடைக்கும். சின்னப் பெட்டி, தடித்த மூடி, கனமான கல் என்றால் குறைந்த கேஸில் அதே வேலை நடக்கும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு அல்லது மூன்று பர்னர் தாராளம். வாரா வாரம் பதினைந்து பேர் கூடுகிற வீடு என்றால் மட்டும் நான்குக்குப் போங்கள்.

உலோகத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தேவனாம்பட்டினத்துப் பக்கம் சன்னல் கம்பி என்ன ஆகிறது என்று பார்த்துத்தானே வளர்ந்தோம். அங்கேயும் கடலோரப் புறநகரில் வீடு எடுத்தால் அதே உப்புக்காற்றுதான். எவர்சில்வர் பாத்திரத்தில் 18/8 என்று அச்சடித்திருப்பார்களே, அது 304 ரகம், துருவைத் தாங்கும். விலை குறைந்த பெட்டிகளில் 430 போட்டிருப்பார்கள், பளபளப்பு ஒன்றுதான், ஆனால் சீக்கிரம் புள்ளி விழும். ஒரு சின்னக் காந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். 430-இல் ஒட்டும், 304-இல் பொதுவாக ஒட்டாது. மூடியை விட முக்கியமாக பர்னர் எந்த ரகம் என்று கேளுங்கள். வெபர் க்யூ போன்ற பெட்டிகளின் உடம்பும் மூடியும் வார்ப்பு அலுமினியம், அது துருப்பிடிக்காது. என்னிடம் இப்போது இருப்பது அதுதான், சின்னக் குடும்பத்துக்கு மனதாரச் சொல்வேன்.

முத்தியால்பேட்டைத் தம்பி கேட்டது: "இங்கேருந்து ரெகுலேட்டரும் ட்யூபும் எடுத்துட்டுப் போகலாமா?" வேண்டாம் தம்பி. அங்கே சிலிண்டர் வால்வே வேறு, நம் ரெகுலேட்டர் பொருந்தாது. பொருந்துகிற மாதிரி எதையாவது மாட்டிப் பார்ப்பதும் ஆபத்து. கேஸ் சாதனம் எதுவானாலும் அந்த நாட்டு அங்கீகார முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். இங்கே வாங்கிய கேஸ் அடுப்புக்கும் இதே பதில்தான்.

பழைய பெட்டியை யாராவது சும்மா கொடுத்தால் வாங்கலாமா என்று தங்கச்சி கேட்டிருந்தாள். வாங்கலாம், ஆனால் ட்யூபையும் ரெகுலேட்டரையும் மாற்றிவிடு. ரெகுலேட்டர் சிலிண்டர் வால்வுக்குப் பொருந்த வேண்டும். பழைய வகை வால்வு பிஓஎல் என்பது, இடது பக்கம் திருகினால் இறுகும். புதிய வகை எல்சிசி27 என்பது, வலது பக்கம் திருகுவது, கையாலேயே இறுக்கலாம், சரியாக மாட்டாமல் கேஸ் வெளியே வராது. சிலிண்டர் கழுத்தில் சோதனைத் தேதி குத்தியிருக்கும், பத்து வருடம் தாண்டியதை நிரப்ப மாட்டார்கள். காலி சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை வாங்கும் வசதி ஹார்டுவேர் கடை, பெட்ரோல் பங்க் பலவற்றிலும் உண்டு. அப்புறம் பர்னர் குழாய்க்குள் எட்டிப் பார். நாள்பட நின்ற பெட்டியில் சிலந்தி கூடு கட்டியிருக்கும், அடைத்துக்கொண்டால் தீ மஞ்சளாக எரியும், பின்பக்கமாகவும் பற்றும். மெல்லிய பிரஷ்ஷால் குத்தி எடுத்துவிடு. தீ நீலமாக நிற்க வேண்டும்.

மாட்டி முடித்ததும் சோப்பு நுரையை இணைப்பில் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிகிறது. பற்ற வைக்கும்போது மூடி கட்டாயம் திறந்திருக்கணும். மூடிய பெட்டிக்குள் கேஸ் சேர்ந்து ஒரே பொறியில் வெடிக்கும். மெல்பர்னில் காற்று திடீரென்று வீசித் தீயை அணைத்துவிடும், அப்போதும் கேஸை மூடி, மூடியைத் திறந்து, ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் மறுபடி பற்ற வைக்கணும். மழை என்று கராஜுக்குள் தள்ளிவைத்துச் சமைக்கவே கூடாது. கேஸ் எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளேயே சேரும், அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குடும்பமாகத் தூங்கிப்போய்விடுவீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கோடையில் டோட்டல் ஃபயர் பேன், அதாவது வெளியே தீ மூட்டத் தடை, என்று அறிவிக்கும் நாட்களில் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் விறகு, கரி எதுவும் பற்ற வைக்க முடியாது. கேஸ் பெட்டிக்கு அனுமதி உண்டு, அதுவும் நிபந்தனையோடு: வீட்டிலிருந்து 20 மீட்டருக்குள் இருக்கணும், சுற்றி 3 மீட்டருக்குத் தீப்பிடிக்கிற எதுவும் இருக்கக் கூடாது, தண்ணீர்க் குழாயோ 10 லிட்டர் தண்ணீரோ பக்கத்தில் இருக்கணும், பெரியவர் ஒருவர் அங்கேயே நிற்கணும். அடுக்குமாடியில் பால்கனி உள்ளவர்கள் வாங்குவதற்கு முன்னால் கட்டட நிர்வாகத்திடமும் ஏஜென்டிடமும் எழுத்தில் கேளுங்கள். சில கட்டடங்களில் கேஸ் சிலிண்டரே கூடாது.

குளிரில் கேஸ் வருமா என்ற கவலை சித்தி மகனுக்கு. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரைக்கும் ஆவியாகும், மெல்பர்ன் குளிர் அதற்கு ஒன்றுமே இல்லை. சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க நம் வீட்டு வழியே போதும். ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், கேஸ் உள்ள மட்டம் வரைக்கும் ஈரம் காயாமல் நிற்கும், மேலே சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஊரிலிருந்து அம்மா வந்து தங்கும்போதும் புரட்டாசியிலும் கவுச்சி பட்ட கல்லில் சமைக்க மனசு வராது. என்னிடம் இரண்டு தட்டைக் கல் இருக்கிறது, ஒன்று சைவத்துக்கு மட்டும், துணி சுற்றித் தனியாக வைத்திருப்பேன். அம்மா முதல் தடவை வந்தபோது அந்தக் கல்லில் தானே நின்று அடை வார்த்தார். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்துக் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில், அம்மா கொல்லையில் அடுப்பை வைத்து எங்கள் தெருவுக்கே கஞ்சி காய்ச்சினார். அந்தக் கைக்கு வெளியே நின்று சமைப்பது புதிது இல்லை. எண்ணெய் தேய்க்க வெங்காயம் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கடைசியாக மீன். கடையில் பாரமுண்டி என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தயங்காதீர்கள், அது நம் கொடுவாதான். முழு மீனாக வாங்கி, கீறி, மிளகு, சோம்பு, பூண்டு, புளி அரைத்துத் தடவி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். வியட்நாம் கடையில் ஃப்ரீஸரில் வாழை இலை கிடைக்கும். இலையைத் தீயில் வாட்டி மீனைச் சுற்றி, ஒரு பக்கப் பர்னரை மட்டும் எரியவிட்டு, எரியாத பக்கத்தில் வைத்து மூடியை மூடிவிடுங்கள். ஒரு கிலோ மீனுக்கு அரை மணி நேரம் ஆகும். இலை ஓரம் கருகி, முதுகுப் பக்கச் சதை முள்ளை விட்டு விலகினால் வெந்துவிட்டது.