பழைய மவுண்டன் பைக்கை இணையத்தில் வாங்கி மீட்பது: கழலுமா, கழலாதா? (பலர் சேர்ந்து எழுதிய அனுபவப் பகிர்வு)

விற்பனைப் படத்தில் துரு தெரியும், கிழிந்த சீட் தெரியும், காற்றிறங்கிய டயர் தெரியும். இந்த மூன்றுக்கும் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. காசு கொடுத்தால் தீர்ந்துவிடும். தீராத தலைவலி, இறுகிப்போன பாகங்கள்தான். பத்து இருபது வருடம் சுவரோரம் சாத்திக் கிடந்த சைக்கிளில் சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்), ஸ்டெம் (ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் பாகம்), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் பாகம்) மூன்றும் ஃப்ரேமோடு ஒட்டிக்கொள்ளும். அது எந்தப் படத்திலும் விழாது.

அதனால் விலை பேசும் முன் விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். சீட் கிளாம்பைத் தளர்த்தி, சீட்டை இடமும் வலமும் திருப்பி, ஒரு விரற்கடை மேலே இழுத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை. "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் பதில் வந்தால், இறுகியிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

படங்களில் கேட்டு வாங்க வேண்டியவை: செயின் பக்கத்து முழுப் படம், ஹெட் ட்யூபுக்கு (முன் ஃபோர்க் நுழையும் குழாய்) பின்னால் மேல் குழாயும் கீழ் குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கம், தலைகீழாகக் கவிழ்த்து எடுத்த பாட்டம் பிராக்கெட்டின் அடி (சீரியல் எண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், திருட்டுச் சைக்கிளா என்று சரிபார்க்கவும் அது வேண்டும்), பின் டிராப்-அவுட் (சக்கர அச்சு உட்காரும் முனை) இரண்டும், ரிம்மில் பிரேக் கட்டை உரசும் இடம். ரிம்மின் பக்கவாட்டு குழிந்திருந்தால் அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது. கோட்டம் எடுத்துப் பயனில்லை.

பார்சல் கட்டும்போது முன் ஃபோர்க் முனைகளுக்கு நடுவிலும், பின் சக்கரத்தைக் கழற்றினால் பின் முனைகளுக்கு நடுவிலும் ஒரு கட்டை வைக்கச் சொல்லுங்கள். பின் டிரெய்லியரை (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பாகம்) ஹேங்கரிலிருந்து (அது மாட்டியிருக்கும் ஃப்ரேம் முனை) கழற்றி, துணி சுற்றி, ஃப்ரேமுக்குள் கட்டிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் ஹேங்கர் வளைந்துதான் வந்து சேரும்.

* * *

ஃப்ரேம் பற்றி நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். ஹெட் ட்யூபுக்குப் பின்னால், குழாய்களின் அடியில் பெயின்ட் குறுக்காக வெடித்திருந்தாலோ, விரலால் தடவும்போது மெல்லிய மடிப்பு தட்டுப்பட்டாலோ, அந்த வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. வாங்காதீர்கள். கண்ணை விட விரல் நம்பகமானது.

வண்டி கைக்கு வந்ததும் நூல் சோதனை செய்துவிடுங்கள். ஒரு பக்கப் பின் டிராப்-அவுட்டில் நூலைக் கட்டி, ஹெட் ட்யூபைச் சுற்றி, மறுபக்க டிராப்-அவுட்டுக்கு விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். சீட் ட்யூபுக்கும் (சீட் போஸ்ட் இறங்கும் குழாய்) நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 1, 2 மி.மீ.க்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் பின்பகுதி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஸ்டீல் ஃப்ரேமாக இருந்தால் நேராக்கலாம், அலுமினியத்தில் அந்த வேலையே கூடாது.

வளைந்த ஹேங்கருக்குத் தனிக் கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஹேங்கர் மரை 10 மி.மீ., பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1 மி.மீ. பெரும்பாலான பின் சக்கர அச்சுகளின் மரையும் அதுவே. வேறொரு பின் சக்கரத்தின் அச்சு முனையை ஹேங்கரில் திருகிவிட்டால், மாட்டியிருக்கும் சக்கரமும் இதுவும் இணையாக நிற்கின்றனவா என்று ரிம்முக்கு ரிம் அளந்து பார்க்கலாம். அதே சக்கரத்தைப் பிடித்து மெல்ல வளைத்தே நேராக்கியும் விடலாம். ஸ்டீல் ஹேங்கருக்கு மட்டும்.

* * *

சீட் போஸ்ட் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், நிறைய நல்ல ஃப்ரேம்கள் இங்கேதான் பாழாகின்றன.

ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியப் போஸ்ட். வியர்வை, மழை ஈரம், நடுவில் கிரீஸ் இல்லை. இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடந்து அலுமினிய ஆக்சைடு உண்டாகிறது. அது உலோகத்தை விட அதிக இடம் எடுக்கும். அதனால்தான் ஆப்பு அடித்த மாதிரி இறுகுகிறது. துருவை இளக்கும் எண்ணெய் இரும்புத் துருவுக்கு வேலை செய்யும் அளவுக்கு இதற்குச் செய்யாது. அம்மோனியாக் கரைசல் பலன் தரும். வரிசையாக இப்படிப் போங்கள்:

முதலில் கிளாம்ப் போல்ட்டை முழுதாகக் கழற்றிவிடுங்கள். பாட்டில் மாட்டும் திருகுகளையும் எடுத்துவிடுங்கள், சில நேரம் நீளமான திருகு போஸ்ட்டைக் குத்திப் பிடித்திருக்கும். பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றி, ஃப்ரேமைத் தலைகீழாக நிறுத்தி, சீட் ட்யூபின் அடி வாய் வழியாக அம்மோனியாவை ஊற்றுங்கள். ஒரு இரவு ஊறட்டும். காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு செய்யுங்கள். மறுநாள் நன்றாகக் கழுவிவிட்டு, போஸ்ட்டின் தலையை வைஸில் இறுகப் பிடித்து, ஃப்ரேமையே நெம்புகோலாக்கித் திருப்புங்கள். மேலே இழுக்கப் பார்க்காதீர்கள், திருப்புவதுதான் முக்கியம். "கிரீச்" என்று ஒரு சத்தம் வந்து ஒரு முடி அளவு நகர்ந்தால் போதும், வழி பிறந்துவிட்டது. முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டே, இடையிடையே எண்ணெய் விட்டுக்கொண்டே வெளியே கொண்டுவாருங்கள். ஃப்ரேம் முறுக்கிக்கொள்ளும் அளவுக்குப் பலம் போட வேண்டியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்தது அறுப்பது. போஸ்ட்டை ஃப்ரேமுக்கு மேல் இரண்டு விரற்கடை விட்டு அறுத்து, ஆக்சா பிளேடைக் கைப்பிடி சுற்றி உள்ளே விட்டு, உள்ளிருந்து நீளவாக்கில் ஒரு கோடு போடுங்கள். அலுமினியத் தூள் வெள்ளையாகப் பளபளவென்று விழும். தூளின் நிறம் கறுத்தால் ஸ்டீலைத் தொட்டுவிட்டீர்கள், அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். கோடு முழுதாக இறங்கியதும் போஸ்ட்டின் ஒரு ஓரத்தை இடுக்கியால் உட்பக்கம் சுருட்டினால் கழன்று வரும். பொறுமைக்குச் சோதனைதான், ஆனால் ஃப்ரேம் பிழைக்கும்.

காஸ்டிக் சோடா கடைசி வழி. அலுமினியத்தைக் கரைத்துவிடும், ஸ்டீலை விட்டுவிடும். ஆனால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், கரைசல் கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும், பெயின்ட்டும் உரியும். திறந்தவெளி, கண்ணாடி, முழங்கை வரை கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள். ஃப்ரேம் அலுமினியமாக இருந்தால் இந்த வழியை மறந்துவிடுங்கள், ஃப்ரேமும் சேர்ந்து கரையும்.

புதுப் போஸ்ட் வாங்கும்போது பழையதன் அடியில் அச்சிட்ட அளவைப் பாருங்கள். 26.4, 26.6, 26.8, 27.0, 27.2 என்று 0.2 மி.மீ. படியாக அளவுகள் மாறும். "கிட்டத்தட்ட சரி" என்று சின்னதைப் போட்டு இறுக்கினால் கிளாம்பின் இரண்டு காதும் மேலே ஒன்றை ஒன்று முட்டும், போஸ்ட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். வாங்கும் முன் படத்தில் காதுகள் மேலே குவிந்து தெரிந்தால், யாரோ ஏற்கெனவே தப்பான அளவு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

* * *

ஸ்டெம்முக்கு ஒரு வரி. மேல் போல்ட்டை (பெரும்பாலும் 6 மி.மீ. ஆலன் கீ) நாலு சுற்றுத் தளர்த்தி, முழுதாக எடுக்காமல், அதன் தலையில் ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு. உள்ளே இருக்கும் ஆப்பு கீழே விழுந்து ஸ்டெம் விடும். போல்ட்டைத் தளர்த்திவிட்டு ஹேண்டிலைப் பிடித்து மல்லுக்கட்டுபவர்கள்தான் அதிகம். தளர்த்தினால் மட்டும் ஆப்பு விடாது, தட்டணும்.

* * *

பாட்டம் பிராக்கெட் பத்தி யாரும் எழுதலையே. இங்கதான் திசை தெரியாம மரையை நாசம் பண்ணுறாங்க.

மொதல்ல கிராங்க், அதாவது பெடல் மாட்டியிருக்கற கை. போல்ட் 14 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர், இல்லன்னா 8 மி.மீ. ஆலன் கீ. போல்ட்டை எடுத்ததும் உள்ள ஒரு வாஷர் ஒட்டிக்கிட்டு இருக்கும், அதையும் நோண்டி எடுத்திடுங்க. எடுக்காம புல்லர் (கிராங்கை இழுத்துக் கழட்டுற கருவி) போட்டா, புல்லர் அச்சைத் தள்ளாம வாஷரைத் தள்ளும், கிராங்க் மரை உரிஞ்சு வந்துடும். புல்லரைக் கையால கடைசி வரைக்கும் ஏத்திட்டு அப்புறம்தான் திருகணும். பாதி மரையில நிக்கும்போது திருகவே கூடாது.

அடுத்து கப், அதாவது பாட்டம் பிராக்கெட்டை ஃப்ரேமுல பிடிச்சிருக்கற மரை போட்ட கிண்ணம். இந்த வகை வண்டிகள்ல பெரும்பாலும் இங்கிலீஷ் மரை: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. செயின் பக்கத்துல இடமரை. அதாவது கடிகாரம் சுத்துற திசையில திருப்பினாத்தான் கழலும். மறுபக்கம் வழக்கம்போல. செயின் பக்கத்துக் கப் அசையலைன்னா 16 மி.மீ. போல்ட் ஒண்ணு எடுத்து, ரெண்டு பக்கமும் தடிமனான வாஷர் வச்சு, கப்போட ஓட்டை வழியா விட்டு நட்டால இறுக்குங்க. இப்போ போல்ட் தலையைக் கடிகார திசையிலயே மேலும் இறுக்குங்க. போல்ட் இறுகுற திசையும் கப் கழலுற திசையும் ஒண்ணுங்கறதால, போல்ட் இனி இறுக இடமில்லாம போனதும் கப் சேர்ந்து சுத்த ஆரம்பிக்கும். ஸ்பேனர் நழுவி கப் முனை மழுங்குற பிரச்சனையே இல்ல.

திரும்பப் போட கார்ட்ரிட்ஜ் யூனிட் (அச்சும் பேரிங்கும் ஒரே கூட்டுல அடைச்சு வர்றது) போதும். ஷெல் (பாட்டம் பிராக்கெட் உட்காருற ஃப்ரேம் குழாய்) அகலம் 68 மி.மீ.யா 73 மி.மீ.யான்னு ஸ்கேல் வச்சு அளங்க. அச்சு நீளம் பழையது எவ்வளவோ அதே நீளம் வாங்குங்க. கிராங்க் மாறினா நீளமும் மாறும். மரையில தாராளமா கிரீஸ். பெடல்லயும் இதே கதைதான், இடது பெடல் இடமரை.

* * *

வண்டி எந்த வருடம் என்று விற்பவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷிமானோ (ஜப்பானிய சைக்கிள் பாக நிறுவனம்) பாகங்களின் பின்புறம் இரண்டு ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து வருடம்: ஏ என்றால் 1976, அங்கிருந்து வரிசையாக எண்ணுங்கள். இரண்டாவது மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். 'என் எஃப்' என்றிருந்தால் 1989 ஜூன். கிராங்க், டிரெய்லியர், பிரேக் மூன்றிலும் ஒரே வருடத்து எழுத்து இருந்தால் பாகங்கள் மாற்றப்படாத வண்டி என்று ஓரளவு நம்பலாம்.

* * *

பிரேக்கைப் பார்க்காமல் வாங்கிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். 80களின் பிற்பாதியில் வந்த பல வண்டிகளில் பின் பிரேக் பாட்டம் பிராக்கெட்டுக்கு அருகே, செயின்ஸ்டேயின் (அங்கிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்) அடியில் இருக்கும். அதுதான் யு-பிரேக். அதை மாட்டுவதற்காக ஃப்ரேமில் உள்ள குமிழ்கள் இருக்கும் இடமே வேறு. அங்கே கேன்டிலீவரும் (இரண்டு கைகளையும் ஒரு குறுக்குக் கேபிள் மேலே இழுக்கும் பிரேக்) வி-பிரேக்கும் (நீளமான கைகளைப் பக்கவாட்டில் கேபிள் இழுக்கும் பிரேக்) உட்காராது. சேறு சேரும் இடமும் அதுதான். இன்னொன்று: யு-பிரேக்கில் கட்டை தேயத் தேய ரிம்மிலிருந்து மேலேறி டயரைத் தொடும், டயர் கிழியும். கேன்டிலீவரில் இதற்கு நேர்மாறு, கட்டை கீழிறங்கி ஸ்போக் கம்பிப் பக்கம் போகும். எது உங்கள் வண்டியில் இருக்கிறதோ அதற்கேற்பக் கண் வைத்திருங்கள்.

கேன்டிலீவரை எடுத்துவிட்டு வி-பிரேக் போடுவதானால் லீவரையும் மாற்ற வேண்டும். வி-பிரேக்குக்கு லீவர் அதிக நீளம் கேபிளை இழுக்க வேண்டும். பழைய லீவர் போதாது. கேன்டிலீவரையே வைத்துக்கொள்வது என் விருப்பம், கட்டை மட்டும் புதிதாகப் போட்டால் நன்றாகவே நிற்கும். பழைய கட்டை கல்லாகிப் போயிருக்கும், தேய்த்துப் போட்டுப் பயனில்லை. முன் பக்கம் ரிஃப்ளெக்டர் பிடிப்பானைக் கழற்றி எறியாதீர்கள். மெயின் கேபிள் அறுந்தால் குறுக்குக் கேபிள் டயரில் விழுந்து சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தகடுதான்.

பின் சக்கரம் மாற்றும் முன் டிராப்-அவுட் இடைவெளியை அளங்கள். 80களின் வண்டிகளில் 126 அல்லது 130 மி.மீ. பார்க்கலாம், 90களில் 135. ஸ்டீல் ஃப்ரேமை 130-லிருந்து 135-க்கு விரிக்கலாம், பக்கத்துக்கு 2.5 மி.மீ., நூல் சோதனையோடு.

பழைய சக்கரத்தில் ஃப்ரீவீல் (ஹப்பில் திருகியிருக்கும் பின் பற்சக்கரக் கொத்து) இருந்தால், ஸ்போக் கம்பியை அறுக்கும் முன் ஃப்ரீவீலைக் கழற்றுங்கள். கம்பி போன பிறகு ஹப்பைப் பிடிக்க வழியில்லை. இரண்டு பல் உள்ள சன்டூர் (இன்னொரு பாக நிறுவனம்) வகைக்கான கருவியை அச்சு நட்டாலோ குவிக் ரிலீஸாலோ அழுத்திப் பிடித்த பிறகே திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பல் சிதறும். கருவியை வைஸில் மாட்டி, சக்கரத்தை ஸ்டீயரிங் மாதிரி இடப்பக்கம் திருப்புங்கள்.

* * *

90களின் சஸ்பென்ஷன் ஃபோர்க் உள்ள வண்டியா? உள்ளே ஸ்பிரிங் போல வேலை செய்யும் எலாஸ்டோமர் ரப்பர் பிசினாகவோ தூளாகவோ மாறியிருக்கும் என்றே எண்ணுங்கள். பாகம் கிடைக்காவிட்டால் சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க் போடலாம், ஆனால் அச்சிலிருந்து கிரவுன் (ஃபோர்க்கின் இரண்டு காலும் மேலே சேரும் இடம்) வரை உள்ள நீளம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். 20 மி.மீ. மாறினால் ஹெட் ட்யூப் சாய்வு சுமார் 1 டிகிரி மாறும், திருப்பத்தில் வண்டியின் குணமே மாறிவிடும்.

* * *

கியர் லீவர் சொடுக்கவில்லை என்றால் தூக்கிப் போடாதீர்கள். ரேபிட்ஃபயர் (ஷிமானோவின் இரட்டை லீவர்) வகையில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகி, கொக்கி பல்லில் விழாமல் நிற்கும், அவ்வளவுதான். அடி மூடியை மட்டும் எடுத்து (உள்ளே பிரிக்க வேண்டாம், சுருள்வில் தெறித்தால் திரும்பக் கோர்ப்பது பெரும்பாடு) டபிள்யூடி-40 தாராளமாக அடித்து, இரண்டு லீவரையும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருங்கள். பழுப்பாக வழிவது தெளியும் வரை மூன்று நாலு முறை. காய்ந்ததும் மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு. கிரீஸ் வேண்டாம்.

ஹப் பால்ரஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பின் ஹப்பில் 1/4 அங்குலம், பக்கத்துக்கு 9. முன்னால் 3/16, பக்கத்துக்கு 10. கோனில் (அச்சில் திருகி பால்ரஸை அழுத்தும் கூம்பு நட்டு) குழி விழுந்திருந்தால் கோன் மாற்றலாம். ஹப்பின் உள் கிண்ணத்தில் குழி விழுந்திருந்தால் அந்த ஹப்பை விட்டுவிட வேண்டியதுதான். கோனை இறுக்கும்போது கையில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கட்டும். குவிக் ரிலீஸை அழுத்தியதும் அது மறைய வேண்டும். முன்கூட்டியே ஆட்டமில்லாமல் இறுக்கினால், சக்கரத்தை மாட்டியதும் அச்சு அமுங்கி பால்ரஸ் அரைபடும்.

செயினை 12 அங்குலத்துக்கு அளந்து பாருங்கள். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயின் மட்டும் மாற்றலாம். 1/8 கூடியிருந்தால் பின் பல்லும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் வழுக்கும்.

குரோம் துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். ஃப்ரேமின் பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் முடிந்தவரை அப்படியே விடுங்கள், அந்த ஸ்டிக்கர்கள் திரும்பக் கிடைப்பது அரிது. சீட் ட்யூபுக்குள் துரு தடுப்பு எண்ணெய் விட்டு, ஃப்ரேமை எல்லாப் பக்கமும் சாய்த்து ஓடவிட்டு, ஒரு நாள் வடியவிடுங்கள். அதன் பிறகு போஸ்ட்டுக்குக் கிரீஸ் தடவி இறக்குங்கள். வருடத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி தடவுங்கள். முதல் 50 கிலோமீட்டர் ஓட்டியதும் கிராங்க் போல்ட்டையும் கேபிளையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். புதுக் கேபிள் இழுபட்டு கியர் ஒரு பல் தள்ளி நிற்கும், டிரெய்லியரில் கேபிள் நுழையும் இடத்துத் திருகை அரைச் சுற்று இடப்பக்கம் திருப்பினால் சரியாகிவிடும்.