3ஜி எஸ்டிஐ: கலர் பாரில் சுத்தம், ஒரே நிறம் வந்தால் வரி தெறிக்கிறது. எங்கே தேடுவது?

கேட்டவர்:
வணக்கம். பத்து நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். நானே வடிவமைத்த போர்டு, 3ஜி எஸ்டிஐ உள்ளீடு (ஒரே கோஆக்ஸ் கேபிளில் வீடியோவை டிஜிட்டலாக அனுப்பும் முறை), 1080பி60. பிஎன்சி கனெக்டரிலிருந்து கேபிள் ஈக்வலைசர் (கேபிளில் தேய்ந்த சிக்னலை மீட்கும் சிப்). அங்கிருந்து டிஃபரன்ஷியல் ஜோடியாக எஃப்பிஜிஏவின் (நாமே உள்சுற்றை அமைத்துக்கொள்ளும் சிப்) அதிவேக ரிசீவருக்குப் போகிறது. கேபிள் 60 மீட்டர்.

கலர் பார் கொடுத்து ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், சிஆர்சி பிழை (ஒவ்வொரு வரியோடும் வரும் சரிபார்ப்பு எண் பொருந்தாதது) ஒன்றுகூட இல்லை. கேமரா படமும் நன்றாக வருகிறது. ஆனால் ஜெனரேட்டரில் திரை முழுக்க ஊதா கலந்த ஒரே நிறத்தை வைத்தால் அங்கங்கே ஒரு வரி பொரிபொரியாகத் தெறித்துவிட்டு அடுத்த ஃபிரேமில் சரியாகிவிடுகிறது. 2 மீட்டர் கேபிள் போட்டால் அதுவும் இல்லை.

ஈக்வலைசர் சிப்பை மாற்றிவிட்டேன். சப்ளையில் கெப்பாசிட்டர் கூட்டினேன். ஜோடித் தடங்களின் நீளம் ஒத்துப்போகிறதா என்று திரும்பவும் பார்த்துவிட்டேன். இதே எஃப்பிஜிஏவில் பிசிஐஇ (கணினியோடு பேசும் அதிவேக இணைப்பு) ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது, அதனால் சிப் மேல் சந்தேகம் இல்லை. வழி சொல்லுங்கள்.

பதில் 1:
கேபிளைச் சின்னதாக்கினால் போகுதுன்னா முதல்ல பிஎன்சி பக்கம் பாருங்க. 50 ஓம் பிஎன்சியும் 75 ஓம் பிஎன்சியும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், வெளியே பார்த்தா சட்டென்று தெரியாது. நடு பின் உட்காரும் பேடு பெரிசா இருந்து, அதுக்குக் கீழே கிரவுண்ட் பிளேனை வெட்டாம விட்டிருந்தீங்கன்னா அந்த இடத்துல இம்பிடன்ஸ் சரியும். 2.97 கிகாபிட்டில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கிற நேரம் 337 பிகோசெகண்ட்தான். அங்கே பிரதிபலிப்பு வந்தா, ஸ்கோப்பில் 1க்கும் 0க்கும் நடுவே தெரியும் 'கண்' இடைவெளி மூட ஆரம்பிக்கும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. கனெக்டர்கள் எல்லாம் 75 ஓம் வகைதான். பேடுக்குக் கீழே கிரவுண்டை வெட்டித்தான் இருக்கிறேன். வேறு கேபிளும் போட்டுப் பார்த்தேன், அதே கதை.

புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. பிழை வந்த ஃபிரேமை மெமரியில் பிடித்து வைத்துப் பார்த்தேன். தெறிப்பு ஒருபோதும் வரியின் இடது ஓரத்தில் தொடங்குவதில்லை. பாதிக்கு மேல் கடந்த பிறகு தொடங்கி, வலது ஓரம் வரை போகிறது. அடுத்த வரி சுத்தம். இது எதற்காவது உதவுமா தெரியவில்லை.

பதில் 2:
உதவும் தம்பி, விஷயமே அதில்தான் இருக்கிறது. கனெக்டரில் பிரதிபலிப்பு இருந்தால் பிழை வரியின் எந்த இடத்திலும் வரும். இடது வலது என்று அது பார்க்காது. வரி தொடங்கியதிலிருந்து ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே வந்து, பாதிக்கு மேல் தாங்காமல் உடைகிறது. சேர்த்து வைக்கும் பொருள் கெப்பாசிட்டர். ஈக்வலைசருக்கும் எஃப்பிஜிஏவுக்கும் நடுவே தொடரில் போட்டிருக்கும், டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடும் கப்ளிங் கெப்பாசிட்டரின் மதிப்பு என்ன?

கேட்டவர்:
0.1 மைக்ரோஃபேரட். பிசிஐஇ வரைபடத்தில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டேன்.

பதில் 2:
அதுதான். பிசிஐஇக்கு அந்த மதிப்பு சரி, எஸ்டிஐக்குச் சரியில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அடுத்த போர்டிலும் உதவும்.

பிசிஐஇயின் முதல் இரண்டு தலைமுறைகளில் இருப்பது 8பி/10பி குறியீடு, அதாவது 8 பிட்டை 10 பிட்டாக மாற்றி அனுப்புவது. தொடர்ந்து ஐந்துக்கு மேல் ஒரே பிட் வராது. ஒன்றுகளும் சுழியங்களும் கணக்காகச் சமன் செய்யப்படும். எச்டிஎம்ஐயின் டிஎம்டிஎஸ் குறியீடும் இந்தச் சமனைப் பார்த்துக்கொள்ளும். எஸ்டிஐ அப்படி இல்லை. கூடுதல் பிட் எதுவும் சேர்க்காமல், ஸ்க்ராம்ப்ளர் கலைத்துப் போடுவதை மட்டுமே நம்புகிறது. பெரும்பாலான படங்களுக்கு அது போதும். ஆனால் சில நிறங்கள் திரை முழுக்க ஒரே மதிப்பாக வரும்போது, ஸ்க்ராம்ப்ளர் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருந்துவிட்டால், 19 பிட் ஒரே பக்கம், 1 பிட் மறுபக்கம் என்று வரி முடியும்வரை அதுவே ஓடும். இந்தச் சமனின்மைதான் கெப்பாசிட்டரில் சேர்ந்து, சிக்னலின் நடுமட்டத்தைச் சரிய வைக்கிறது. நீங்கள் வைத்த ஊதா அந்த வகை. அதனால்தான் எல்லா வரியும் கெடாமல் எப்போதாவது ஒன்று கெடுகிறது. கேமரா படத்தில் சென்சார் இரைச்சல் இருப்பதால் இந்த ஒழுங்கு நிலைப்பதில்லை, தப்பித்துவிடுகிறீர்கள். கணினியில் வரைந்த சமதள நிறம் வந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

கணக்கு: ஒரு தடத்துக்கு அனுப்பும் பக்கம் 50, வாங்கும் பக்கம் 50, ஆக 100 ஓம். அதை 0.1 மைக்ரோவோடு பெருக்கினால் 10 மைக்ரோசெகண்ட். 1080பி60இல் ஒரு வரி 14.8 மைக்ரோசெகண்ட், அதில் படம் வருகிற பகுதி 12.9. அதாவது ஒரு வரி முடிவதற்குள் கெப்பாசிட்டர் முக்கால்வாசி சரிந்துவிடுகிறது. 19க்கு 1 என்ற சமனின்மைக்கு அந்தச் சரிவு மொத்த வீச்சில் சுமார் 33 சதவீதம். 1, 0 என்று பிரிக்கும் நடுக்கோட்டிலிருந்து உங்களுக்கு இருப்பதே 50 சதவீதம்தான். மீதி 17 சதவீதத்தில் 2 மீட்டர் கேபிள் பிழைத்துக்கொள்ளும். 60 மீட்டர் கேபிளின் நடுக்கமும் சேர்ந்தால் பிழைக்காது. 4.7 மைக்ரோ போட்டால் அதே சரிவு ஒரு சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும்.

மாற்றுவதற்கு முன் ஒரு தரம் ஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள், கண்ணால் பார்த்தால் மறக்காது. சோதனைக்கு ஊதாவைக் குத்துமதிப்பாக வைக்காமல் வீடியோ தரங்களை வகுக்கும் எஸ்எம்பிடிஇ அமைப்பின் ஆர்பி 198 சொல்லும் செக்ஃபீல்டை (இணைப்பைத் திணறடிக்கவே வகுத்த சோதனைப் படம்) வையுங்கள். அதில் மேல் பாதி ஊதா, ஈக்வலைசருக்கு. கீழ்ப் பாதி சாம்பல், சிக்னலிலிருந்து கடிகாரத் துடிப்பை மீட்கும் பிஎல்எல்லுக்கு. கலர் பாரில் தேறியதை வைத்து எஸ்டிஐ இணைப்பைத் தேறியதாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

பதில் 3:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே மாதிரி ஒரு போர்டு இருக்கிறது. 4.7 மைக்ரோ போட்டால் உயர் அதிர்வெண் பாதிக்காதா? பக்கத்தில் 0.1 ஒன்றை இணையாகப் போடட்டுமா?

பதில் 2:
வேண்டாம். அந்த வேகத்தில் குறுக்கே நிற்பது கெப்பாசிட்டரின் உடல் அளவு தரும் இண்டக்டன்ஸ், மதிப்பு அல்ல. 0402 அளவில் இருந்த 0.1ஐ எடுத்துவிட்டு அதே 0402இல் 4.7 போட்டால் வித்தியாசம் தெரியாது. இணையாக இன்னொன்று வைத்தால் பேடு கூடும், அதுவே புதுத் தொந்தரவு. பேடு தடத்தை விட அகலமாக இருந்தால் அதன் கீழே கிரவுண்டைக் கொஞ்சம் வெட்டுங்கள், போதும்.

கேட்டவர்:
சொன்னபடி முதலில் ஸ்கோப்பில் பார்த்தேன். வரித் தொடக்கத்தில் ட்ரிகர் வைத்தபோது, நடுவில் இருந்த அலை வலப்பக்கம் போகப் போக மெல்லச் சரிந்து கீழே இறங்குவது தெளிவாகத் தெரிந்தது. அடுத்த வரித் தொடக்கத்துக்குப் பிறகு திரும்ப மேலே வருகிறது. பத்து நாளாக இதை ஒரு தடவைகூடப் பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டு தடத்திலும் 4.7 மாற்றிவிட்டேன். 60 மீட்டர், செக்ஃபீல்டு, பதினாறு மணி நேரம், சிஆர்சி பிழை 0. என்னுடைய வெளியீட்டுப் பக்க டிரைவரிலும் 0.1தான் போட்டிருக்கிறேன் என்று இப்போதுதான் கவனித்தேன். நாளை அதையும் மாற்றிவிட்டு அந்தப் பக்கமும் செக்ஃபீல்டு ஓட்டுகிறேன். இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.