வாளி வரிசைப் படநூல்: புதுப்பிப்பு

பிரான்சின் சான்ட்-மேர்-எக்லீஸ் ஊர் 1944 ஜூன் 6இல் ஜெர்மன் பிடியிலிருந்து விடுதலையான கதையை ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு வரைகிறேன், சாவைக் காட்டலாமா என்று கேட்டிருந்தேன். காட்டுகிறேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

விடுதலைக்கு முந்திய இரவு தேவாலயச் சதுக்கத்தருகே ஒரு வீடு தீப்பற்றியது. மணி ஒலித்தது. ஜெர்மன் சிப்பாய்கள் காவல் நிற்க, ஊரார் வரிசையில் நின்று வாளிகளைக் கைமாற்றினார்கள். அந்தத் தீ வெளிச்சத்துக்குள்தான் அமெரிக்கப் பரசூட் வீரர்கள் இறங்கினார்கள். ஜோன் ஸ்டீலின் பரசூட் தேவாலயத்தில் சிக்கியது. செத்தவர்போல் தொங்கி உயிர் தப்பினார். பலர் தப்பவில்லை. அதற்கென ஒரு பக்கம்: மரக்கிளையில் பரசூட் மட்டும், ஆள் இல்லை.

வெள்ளவத்தையில் வாசித்துக் காட்டியபோது, "இந்த மாமா எங்கே?" என்றாள் ஒரு சிறுமி. "அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை, பிள்ளை" என்றார் அவளுடைய அம்மம்மா. நான் எழுதிய எதையும்விட அது நல்ல வரி. அவரிடம் கேட்டு அதையே சேர்த்துவிட்டேன்.

சோதனை அச்சில் இரவு நீலம் கறுத்து, வாளி பிடித்த கைகள் மறைந்தன. நிறத்தை வெளிறச் செய்கிறேன். மொத்தம் 32 பக்கங்கள். சிங்களத்தில் பெயர்க்க ஒரு தோழி முன்வந்திருக்கிறார். இரு மொழியும் ஒரே பக்கத்தில் வரும்.