எஃபேஸ்மென்ட்: ‘கழுத்துச் சுருக்கம்’ வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

நம் குழுவின் மகப்பேற்றுச் சொற்பட்டியலில் எஃபேஸ்மென்ட் (பேற்று வலியின்போது கருப்பையின் கழுத்து நீளம் குறைந்து மெலிவது) என்பதற்கு நேரே ‘கழுத்துச் சுருக்கம்’ என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும். கான்ட்ராக்‌ஷனுக்கு ஏற்கெனவே ‘கருப்பைச் சுருக்கம்’ என்று வைத்துவிட்டோம். இரண்டையும் ஒரே பக்கத்தில் படிக்கும் செவிலிய மாணவி, கருப்பையைப் போலவே கழுத்தும் தானாகச் சுருங்குகிறது என்றுதான் நினைப்பார். உண்மையில் வேலை செய்வது மேலே உள்ள தசை. கழுத்து அதற்கு இழுபட்டுக் கொடுக்கிறது.

ஒவ்வொரு வலிக்கும் கருப்பையின் மேற்பகுதித் தசைநார்கள் சுருங்குகின்றன. வலி அடங்கியதும் தளர்கின்றன. ஆனால் பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை, சற்றுக் குட்டையாகவே நின்றுவிடுகின்றன. இப்படியே மேற்பகுதி தடித்துக்கொண்டு போக, கீழ்ப்பகுதி மெலிந்து மேலே இழுபடுகிறது. அதோடு கழுத்தும் போகிறது. முதலில் உள்வாய்ப் பக்கம், அதாவது கழுத்தின் மேல்முனை, கருப்பையோடு சேர்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயின் நீளம் குறைந்து, கடைசியில் கீழ்முனையான வெளிவாயைச் சுற்றி மெல்லிய விளிம்பு மட்டும் விரலுக்குத் தட்டுப்படும்.

இதற்கு ‘கழுத்து உள்வாங்கல்’ என்பதை முன்வைக்கிறேன். கடல் உள்வாங்கியது என்கிறோம். நீர் எங்கும் அழிந்துபோகவில்லை, பின்னோக்கி இழுபட்டிருக்கிறது. கழுத்துக்கு நேர்வதும் அதுதான். ‘கழுத்து கரைதல்’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். கேட்க இனிமைதான், ஆனால் திசு இல்லாமல் போய்விடுவதாகப் பொருள் தருகிறது. ‘கழுத்து 50 சதவீதம் உள்வாங்கியிருக்கிறது’, ‘இன்னும் உள்வாங்கவில்லை’ என்று பேறு அறைக் குறிப்பேட்டில் தடையின்றி எழுதவும் முடிகிறது.

தசைநார் குட்டையாகவே நின்றுவிடுவதற்கும், அதாவது ரிட்ராக்‌ஷனுக்கும், தனிச் சொல் தேவை. ‘குறுகி நிலைத்தல்’ என்கிறேன். இது பேற்றின் முதல் கட்டத்தோடு, அதாவது கழுத்து முழுதும் விரிவதோடு, முடிகிற சங்கதி இல்லை. குழந்தை பிறந்தபின் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த பரப்பு குறுகி அது கழன்றுவருவதும், பின்னிக் கிடக்கும் தசைநார்கள் இரத்தக்குழாய்களை இறுக்கி உதிரப்போக்கை அடக்குவதும் இதே செயலால்தான்.

கழுத்தின் வாய் திறப்பதைக் குறிக்கும் டைலடேஷனுக்கு ‘விரிவு’ இருக்கட்டும். முதல் கட்டத்தின் முற்பகுதியான லேட்டன்ட் நிலைக்கு ‘மறைநிலை’ மட்டும் வேண்டாம். வலி மறைந்தா இருக்கிறது? ‘தொடக்க நிலை’ போதும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வகுத்தபடி 5 செ.மீ. விரிவு வரை அது. அங்கிருந்து 10 செ.மீ. வரை உள்ள ஆக்டிவ் நிலைக்கு ‘முனைப்பு நிலை’. பனிக்குடம், நஞ்சுக்கொடி போன்ற பழஞ்சொற்களில் கைவைக்க வேண்டாம்.

மறுமொழி:

ஐயா, வணக்கம். பேறு பார்க்கும் மருத்துவராக ‘உள்வாங்கல்’ என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். முதல் பேற்றில் பெரும்பாலும் கழுத்து நன்றாக உள்வாங்கிய பிறகே விரியத் தொடங்கும். அடுத்தடுத்த பேறுகளில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். இந்த வேறுபாட்டைத் தமிழில் எழுத எனக்கு இதுவரை வழியில்லாமல் இருந்தது. ‘குறுகி நிலைத்தல்’ பொருளில் சரி; ஆனால் தொடராக நீள்கிறது. ‘நிலைக்குறுக்கம்’ என்றால் குழுவினருக்கு உடன்பாடா?