ஒன்பதாவது பாரில் வலது கை சிக்குகிறது – பாக், மைரா ஹெஸ் பியானோ அமைப்பு – உதவி தேவை

பாளைமாமா:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. சின்ன வயதில் டிரினிட்டி மூன்றாவது கிரேடு வரை பியானோ படித்தேன். பத்தாம் வகுப்போடு அது நின்றுபோனது. இரண்டு வருடம் முன்பு 88 கீ டிஜிட்டல் பியானோ ஒன்று வாங்கி மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். ஆசிரியர் யாரும் இல்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பேன், அவ்வளவுதான்.

இன்னும் ஆறு வாரத்தில் பாளையங்கோட்டையில் அக்கா மகளுக்குக் கல்யாணம். ஆலயத்துக்குள் அவள் நடந்து வரும்போது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ‘ஜீசு, ஜாய் ஆஃப் மேன்ஸ் டிசைரிங்’ வாசிக்க வேண்டும், அதுவும் நான்தான் வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். “தாய்மாமன் சீர்ல இதையும் சேர்த்துக்குறேன் மாமா” என்றாள். மறுக்க மனம் வரவில்லை. அவள் கேட்டுப் பழகியது மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் பியானோவுக்கு எழுதிய அமைப்பு. அதே நோட்ஸைத்தான் எடுத்திருக்கிறேன்.

முதல் எட்டு பார் (தாளக் கட்டம்) மனப்பாடம். மூன்று மூன்றாக ஓடும் அந்த ஸ்வரங்கள் (ஜி ஏ, பி டி சி, சி இ டி, டி ஜி எஃப் ஷார்ப்...) தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். ஒன்பதாவது பாரில் கோரல் (ஆலயப் பாடல்) மெட்டு உள்ளே வருகிறது பாருங்கள், அங்கே எல்லாம் நின்றுவிடுகிறது. ஒரே வலது கையில் மேலே ஓட்டம், கீழே மெட்டு. மெட்டை அழுத்தினால் ஓட்டம் தடுமாறுகிறது. ஓட்டத்தைக் கவனித்தால் மெட்டு கேட்கவே மாட்டேன் என்கிறது. வேகம் பாதியாகக் குறைகிறது. தடுக்கியதும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன், நடுவிலிருந்து எடுக்க வரவில்லை. போன ஞாயிறு இரண்டரை மணி நேரம் வாசித்தேன். மறுநாள் வலது முன்கை முழுக்க வலி.

எங்கே தப்பு செய்கிறேன்? ஆறு வாரத்தில் முடியுமா?

கறுப்புவெள்ளை:

விரலைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி மூணு விஷயம் சொல்லுங்க. பியானோ எது மேல இருக்கு? தரையிலேர்ந்து கீயோட மேல்பரப்பு எத்தனை சென்டிமீட்டர்? டச் செட்டிங் எதுல வச்சிருக்கீங்க?

பாளைமாமா:

டைனிங் டேபிள் மேல் இருக்கிறது. இப்போதுதான் டேப் வைத்து அளந்தேன், 88 செ.மீ. உட்காருவது பிளாஸ்டிக் நாற்காலியில். டச் ‘சாஃப்ட்’. ராத்திரி நேரம், கீயை மெதுவாகத் தொட்டாலே சத்தம் வரட்டும் என்று அப்படி வைத்தேன்.

கறுப்புவெள்ளை:

கை வலிக்குக் காரணம் கிடைச்சாச்சு. சாதாரண பியானோல கீ தரையிலேர்ந்து ஏறக்குறைய 73 செ.மீ. உயரத்துலதான் இருக்கும். நீங்க 15 செ.மீ. மேல வாசிக்கறீங்க. முழங்கை கீழ தொங்கி, மணிக்கட்டு மேல மடங்கி, தோளும் தூக்கிக்கிட்டே இருக்கும். அந்த நிலையில இரண்டரை மணி நேரம்னா யாருக்கும் வலிக்கும். உயரத்தை மாத்தற மாதிரி கீபோர்டு ஸ்டாண்ட் ஒண்ணு வாங்குங்க. முழங்கை கீ மட்டத்துலயோ ஒரு விரல்கடை மேலயோ இருக்கணும். நாற்காலிய மட்டும் உசத்தினா கால் பெடலுக்கு எட்டாது, அதனால ஸ்டாண்டுதான் சரி. வலி முழுசா போற வரைக்கும் வாசிக்காதீங்க. அதுக்கப்புறமும் வலி வந்தா உடனே நிறுத்துங்க, தாங்கிக்கிட்டு வாசிக்கறது வேண்டாம்.

அடுத்தது டச். பெரும்பாலான கருவிகள்ல ‘சாஃப்ட்’னா மெல்லத் தொட்டாலும் பலமாத் தொட்டாலும் சத்தத்துல வித்தியாசம் ரொம்ப வராது. உங்க மெட்டு மேல எழும்பாததுக்கு அது ஒரு பெரிய காரணம். ‘ஹார்டு’ல வைங்க, இல்ல நடு நிலையிலயாவது வைங்க. சத்தம் வேணும்னா வால்யூமக் கூட்டிக்குங்க. முதல் ரெண்டு நாள் கை பலமில்லாத மாதிரி தோணும். அது போகட்டும்.

திசைகாட்டி:

எளிமையாக்கிய நோட்ஸ் நிறைய கிடைக்கிறதே, அதில் ஒன்றை வாசித்துவிடலாமே சார்? கல்யாணத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஆர்கன்தாத்தா:

திசைகாட்டி சொல்வதும் ஒரு வழிதான். ஆனால் மணப்பெண் கவனிப்பாள். அவள் கேட்டதே இந்த அமைப்பைத்தானே. ஆறு வாரம் கையில் இருக்கிறது, தம்பிக்கு முதல் எட்டு பாரும் வந்துவிட்டது. முயற்சி செய்யட்டும்.

தம்பி, நான் முப்பது வருடத்துக்கு மேல் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவன். இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் கையே பாதி வழி காட்டும். 1723-ல் லைப்சிக் நகரில் பாக் நடத்திய 147-ஆம் கான்டாட்டாவில் (குழுவும் வாத்தியங்களும் சேர்ந்து வழங்கும் ஆலய இசைப் படைப்பு) இது வருகிறது. ஓடுகிற அந்த மூன்று மூன்று ஸ்வரங்கள் வயலின் வாசிப்பவை. மெட்டு, பாடகர் குழு பாடுவது. வயலின்காரர் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டே இருப்பார். குழு ஒரு வரி பாடும், மூச்செடுக்கும், வயலினைக் கொஞ்சம் ஓட விடும், பிறகு அடுத்த வரி பாடும். இவ்வளவையும் இரண்டு கைக்குள் கொண்டுவந்து மைரா ஹெஸ் 1926-ல் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது லண்டன் நேஷனல் கேலரியில் வருடக்கணக்கில் மதிய உணவு நேரக் கச்சேரிகள் நடத்திய அதே அம்மையார்தான்.

ஆகவே உங்கள் வலது கையில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் பாடகர், ஒருவர் வயலின்காரர். நீங்கள் இரண்டரை மணி நேரமாக வயலின்காரருக்கு மட்டும் பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள். பாடகர் இன்னும் பாடவே ஆரம்பிக்கவில்லை. ஒன்பதாவது பார் முதல் கோரல் மெட்டை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். பியானோவைத் தொடாமல் வாயால் பாடுங்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் எங்கே மூச்செடுக்கிறீர்களோ அங்கே ஒரு சின்ன கமா போடுங்கள். ஓட்டத்தை வாசித்துக்கொண்டே மெட்டைப் பாட வந்துவிட்டது என்றால், கட்டைவிரலுக்குத் தன் வேலை என்னவென்று தெரிந்துவிடும்.

தகிட:

நான் பியானோ வாசிப்பவள் இல்லை, வீணை. ஆனால் தாளச் சிக்கல் எனக்குப் புரிகிறது, அதனால் எழுதுகிறேன் அண்ணா. உங்கள் பாரில் ஒன்பது எட்டாம் ஸ்வரங்கள் என்றால் அது மூன்று ‘தகிட’. திஸ்ர நடை, அதாவது ஒரு தட்டுக்கு மூன்று. தொடையில் தட்டிக்கொண்டு ‘தகிட தகிட தகிட’ என்று சொல்லுங்கள், அதன் மேல் தாத்தா சொன்ன மெட்டைப் பாடுங்கள். மெட்டின் ஒவ்வொரு ஸ்வரமும் எந்த ‘த’வில் விழுகிறது என்பது காதில் பதியட்டும். மெட்டு வரும்போது உங்கள் வேகம் குறைவதற்குக் காரணம், ‘கிட’ இரண்டையும் இழுத்து விடுவதுதான் என்று நினைக்கிறேன். தொடக்கப் பாடமான சரளி வரிசையை முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) மாதக்கணக்கில் வாசிக்க வைப்பார்களே, அந்தப் பொறுமை இங்கேயும் வேண்டும். முதல் காலம் கோணாமல் நின்றால்தான் அடுத்த காலம் நிற்கும்.

மாலைவகுப்பு:

வேலைக்குப் போகிற பெரியவர்களுக்குத்தான் நான் சொல்லித்தருகிறேன். பாளைமாமா சொன்ன இடத்திலேயே நிறைய பேர் நிற்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒன்பது, பத்து ஆகிய இரண்டு பாரையும், பதினொன்றின் முதல் ஸ்வரத்தையும் மட்டும் எடுங்கள். அந்த ஒரு ஸ்வரம் முக்கியம், அதுதான் அடுத்த பாருக்குப் பாலம். இடது கைக்கு எழுதியதைத் தற்காலிகமாக மறந்துவிடுங்கள். மெட்டை இடது கையாலும் ஓட்டத்தை வலது கையாலும் வாசியுங்கள். இரண்டும் தனித்தனிக் கை என்பதால் மெட்டைப் பலமாகவும் ஓட்டத்தை மெல்லவும் வாசிப்பது சுலபம். அந்தச் சத்தம் காதில் ஏறட்டும், நாம் எட்ட வேண்டிய இலக்கு அதுதான். பிறகு இரண்டையும் வலது கைக்குக் கொண்டுவாருங்கள். இப்போது மெட்டு ஸ்வரங்களை முழுதாக அழுத்திப் பிடியுங்கள், ஓட்ட ஸ்வரங்களைக் கீயின் மேல் விரலை வைத்துத் தொட மட்டும் செய்யுங்கள், சத்தம் வர வேண்டாம். விநோதமாக இருக்கும். ஆனால் எந்த விரலுக்குக் கையின் பாரத்தைக் கொடுப்பது, எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதைக் கை இதில்தான் கற்றுக்கொள்கிறது. மெட்டு கட்டைவிரல் பக்கம் வரும்போது மணிக்கட்டை ஒரு நூல் அளவு உள்பக்கம் சாயுங்கள். விரலால் குத்தாதீர்கள்.

மெட்டு ஸ்வரம் இடது கைக்குப் பக்கத்தில் இருந்து, அந்தக் கையும் சும்மா இருந்தால், தயங்காமல் இடது கைக்குக் கொடுங்கள். கேட்பவருக்கு எந்தக் கை என்று தெரியாது. இடது கையில் எட்டாத விரிப்பு வந்தால் பாஸ் ஸ்வரத்தை (மிகக் கீழே உள்ளதை) தக்கவைத்து, நடுவில் உள்ளதை விட்டுவிடலாம். முடிவு செய்த விரல் எண்ணை உடனே எழுதுங்கள். தினம் ஒரு விரல் போட்டால் கை ஒன்றையும் பிடித்துக்கொள்ளாது.

ஒரு ‘தகிட’வுக்கு மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) ஒரு தட்டு, நிமிடத்துக்கு 40 தட்டில் தொடங்குங்கள். தடங்கல் இல்லாமல் மூன்று முறை வந்தால் 44. கல்யாணத்துக்கு 60 போதும். ஞாயிறு இரண்டரை மணி நேரத்துக்குப் பதில் தினமும் இருபது நிமிடம். முதல் எட்டு பாரை வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தொடாதீர்கள். அது வாசிக்க இனிமையாக இருப்பதால்தான் திரும்பத் திரும்ப அங்கே போகிறீர்கள். நோட்ஸில் ஏ, பி, சி என்று ஏழெட்டு இடத்தில் குறியிட்டு, தினமும் ஏதாவது ஓர் எழுத்திலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். கடைசிப் பகுதியிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி வந்தால் இன்னும் நல்லது. நடுவில் தடுக்கினாலும் அடுத்த குறியில் ஏறிக்கொள்ளலாம்.

பாளைமாமா (18 நாள் கழித்து):

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. ஸ்டாண்டு வாங்கினேன், கீ இப்போது 74 செ.மீ. நாலு நாள் வாசிக்கவே இல்லை. வலி போய்விட்டது, திரும்ப வரவில்லை. டச்சை ‘ஹார்டு’க்கு மாற்றிய அன்றே இரண்டு சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. இரண்டு வருடமாக அந்த ஒரு பட்டனைத் தொட வேண்டும் என்று தோன்றவில்லை.

தாத்தா சொன்னபடி மெட்டைப் பாடினேன். ஸ்கூட்டரில் போகும்போதும் பாடினேன். பத்தாவது நாள் என்று நினைக்கிறேன், ஓட்டம் கையிலும் மெட்டு வாயிலுமாக ஒரு வரி முழுக்க வந்தது. தங்கச்சி சொன்ன ‘தகிட’தான் வேகத்தைப் பிடித்து வைக்கிறது. நான் ‘கிட’வை இழுத்ததும் உண்மைதான், போனில் பதிவு செய்து கேட்டபோது தெரிந்தது.

ஒன்பது முதல் இருபத்து நான்கு வரை இப்போது 52-ல் நிற்கிறது. புதுச் சிக்கல் பெடல். எங்கள் மொசைக் தரையில் அது வழுக்கிக்கொண்டே முன்னால் போகிறது. அதை இழுத்து வைத்து மிதித்தாலும் எல்லாம் குழம்பிக் கேட்கிறது.

கறுப்புவெள்ளை:

பெடலுக்கு அடியில ரப்பர் மேட் துண்டு ஒண்ணு வைங்க. குழப்பத்துக்கு: பாஸ் மாறும்போதெல்லாம் பெடல மாத்தணும். கீ சத்தம் வந்த உடனே காலைத் தூக்கி மறுபடி மிதிக்கணும், சத்தம் வர்றதுக்கு முன்னாடி தூக்கினா இடையில ஓட்டை விழும். பெடலே இல்லாம ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க. மெட்டு எங்கெல்லாம் அறுந்துபோகுதோ அங்க மட்டும் பெடல் போதும்.

ஆர்கன்தாத்தா:

ஆலயத்தில் கூரை உயரம், சுவர் எதிரொலிக்கும். வீட்டில் போடுவதில் பாதிப் பெடல் போதும் தம்பி. முடிந்தால் ஒரு வாரம் முன்பே போய் அங்குள்ள பியானோவில் வாசித்துப் பாருங்கள், யாரையாவது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 60-ல் வாசித்தால் முழுவதும் முடிய மூன்றரை நிமிடம் ஆகும். மணப்பெண் அவ்வளவு நேரம் நடக்க மாட்டாள். சிலர் ஒரே நிமிடத்தில் பீடத்தடிக்கு வந்துவிடுவார்கள். மெட்டு ஜியில் வந்து அமரும் இடங்களைக் குறித்து வைத்து, ஒவ்வொன்றிலும் முடித்துப் பழகுங்கள். தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தபடி வாசிக்க வருகிற இடங்களாக அவை இருக்கட்டும்.

பாளைமாமா (கல்யாணம் முடிந்த மறுநாள்):

நேற்று வாசித்தேன்.

போன வாரமே போய் ஆலயத்துப் பியானோவைத் தொட்டுப் பார்த்திருந்தேன். கீ என் வீட்டுக் கருவியைவிடக் கனம். ஓட்டத்தை இன்னும் மெல்ல வாசிக்க வேண்டியிருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து அக்கா, “பாட்டு கேக்குதுடா, ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கேக்குது” என்றாள். பெடலைப் பாதியாகக் குறைத்தேன். பிறகு தெளிந்தது.

நேற்று காலை விரல் சில்லென்று இருந்தது. முதல் எட்டு பாரில் ஒரு ஸ்வரம் தவறியது, தூக்கத்திலும் வரும் என்று சொன்னேனே, அதே இடத்தில். மனதுக்குள் ‘தகிட’ ஓடிக்கொண்டிருந்ததால் கை நிற்கவில்லை. ஒன்பதாவது பாரில் மெட்டு வந்தது. கட்டைவிரல் தானாகப் பாடியது. அவள் தன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பாதி வழி வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன், என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவது ஜிக்கு அவள் பீடத்தடிக்கு வந்துவிட்டாள். அங்கேயே முடித்தேன்.

மீதி இரண்டு பக்கம் இன்னும் 48-ல்தான் இருக்கிறது. அதையும் முடிக்க வேண்டும். கோரலின் பிற்பகுதியில் மெட்டு இரண்டு கைக்கும் மாறி மாறிப் போகும் இடத்துக்கு மாலைவகுப்பு விரல் எண் சொன்னால் நன்றாக இருக்கும். இன்று இரவு அந்த நாலு பாரையும் பதிவு செய்து போடுகிறேன்.